ஒரு டம்ளரைத் தூக்கிய குற்றம்

எனக்கு முன்னால் பேசிய நாலு பேரையும் மணியடித்தே உட்காரவைத்துவிட்டு, இப்போது என்னைப் பார்த்தும் அந்த மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மேடையில் இடம் போதாமல் ஆளுக்குப் பாதி நாற்காலியில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே! பெற்ற பிள்ளைக்கு முப்பது வயதான பின்னும் தலைவாரிவிட்டு, உடுத்திவிட்டு, தன் தலையை வார மறந்து ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! மனைவிக்கு ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஒரு மணி நேரம் பாத்துக்கங்க" என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே! நாங்களெல்லாம் நாற்காலி தேடி அலைந்துகொண்டிருந்தபோது, சொந்த நாற்காலியோடு வந்து முதல் வரிசையைப் பிடித்துவிட்ட தோழர்களே! எல்லோருக்கும் மேலாக, இங்கே வர முடியாமல், வீட்டுக் கட்டிலில் கிடந்தபடி, கூட்டத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

ஆம், நான் தையல்காரி. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். நீங்கள் கழுத்தை நிமிர்த்தி நடக்கிறீர்களே, அதில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. தொழிற்சங்க மேடைகளில் பேசிப் பேசித் தழும்பேறிய தொண்டை இது. முதலாளி எதிரில் அமர்ந்திருந்தபோதுகூட நடுங்காத கால்கள் இவை. ஆனால் இன்று நடுங்குகின்றன. இந்த மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஏன் நடுக்கம்? நாளைக் காலை எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி வருகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வரி அதிகாரி அல்லர். அவர் வந்தால் எங்கள் வீட்டில் எடுத்துப்போக என்ன இருக்கிறது? இவர் எடுத்துப்போக வருகிறவர் அல்லர். பார்த்துப்போக வருகிறவர். என் தம்பியால் எது முடியும், எது முடியாது என்று பார்த்துப்போக வருகிறவர். அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும் ஒரு சொல்லில், என் தம்பி என் வீட்டில் இருப்பானா, ஊருக்கு வெளியே இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய காப்பகத்தில் இருப்பானா என்பது முடிவாகும்.

என் தம்பியைப் பற்றிப் பேச அவனிடம் அனுமதி கேட்டேன். அவன் வாழ்க்கை அவனுடையது. அக்கா என்பதற்காக நான் அதைத் தூக்கிக்கொண்டு மேடையேற முடியாது. அவன் சொன்னான்: "சொல்லுக்கா. ஆனா பரிதாபமா சொல்லாதே. நீ அழுதா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." எழுந்து போகிறவனைப் பாருங்கள்! அந்த வாய்க்கு மட்டும் எந்த அடியும் படவில்லை.

அதோ, முதல் வரிசையில், நீலச் சட்டை. அவன்தான். அவனை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட மேஸ்திரி. இந்தப் பகுதியில் எத்தனையோ வீட்டுச் சுவர்கள் அவன் கண் பார்வைக்குப் பயந்து நேராக நிற்கின்றன. ஒருநாள் சாரம் சரிந்தது. விழுந்தான். கழுத்தில் அடி. தோள் அசையும்; முழங்கை ஓரளவு மடங்கும்; விரல்கள் பத்தும் இருக்கின்றன, பேச்சுக் கேட்பதில்லை. கால்கள் அதைவிடப் பிடிவாதம்.

அவனோடு வேலை பார்த்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்டினார்கள். பாசத்தோடு கட்டினார்கள். சிமெண்ட் காய்வதற்குள் இவன் உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, சறுக்கு மரமா? இடிங்கடா" என்றான். இடித்தார்கள். திரும்பக் கட்டினார்கள். இன்று இந்த மண்டபத்துக்குள் வரும்போதும் வாசலில் போட்டிருக்கும் பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். விழாக் குழுவினர் கவனிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவன் உங்களையும் இடிக்கச் சொல்வான்.

அவன் பக்கத்தில் மஞ்சள் துப்பட்டாவோடு அமர்ந்திருப்பவள், வீட்டு உதவித் திட்டத்தில் அரசு அனுப்பும் உதவியாளர். அவன் தங்கச்சி என்று கூப்பிடுவான், நானும் அப்படியே. முன்பெல்லாம் காலையிலும் வருவாள், மாலையிலும் வருவாள். காலையில் எழுப்பி, உடல் துடைத்து, புண் வந்திருக்கிறதா என்று முதுகைப் பார்த்து, உடுத்தி, நாற்காலியில் அமர்த்துவாள். மதியம் பக்கத்து வீட்டு அம்மா வந்து ஊட்டிவிட்டுப் போவார். நான் வேலையிலிருந்து வந்துசேரும் முன்பே தங்கச்சி மாலையில் வந்து, தண்ணீர் கொடுத்து, சிறுநீர் வடியும் பையைக் காலி செய்து, கட்டிலுக்கு மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். தங்கச்சி வரும் அந்தக் காலையும் மாலையும்தான் எங்கள் வாழ்க்கையைத் தாங்கிய இரண்டு தூண்கள். அதில் ஒரு தூணை எடுத்துவிட்டார்கள். எப்படி எடுத்தார்கள்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன முறை அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? வீட்டைக் கழுவினோம். திரைச்சீலை துவைத்தோம். முடிதிருத்துபவரை வீட்டுக்கே வரவழைத்தோம். நான் தைத்த காலர் வைத்த புதுச் சட்டை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஏனம்மா என்றால், யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் நாம் அப்படித்தானே? காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போதும் தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டு போகிற கூட்டமல்லவா நாம்? "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், உயிர் போகிற வலியிலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பழகிய வாயல்லவா நம்முடையது?

இவன் அதற்கும் மேலே போனான். அதிகாரி கேள்வி கேட்பார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்துவிட்டான். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே எவர்சில்வர் டம்ளரை இடுக்கி, தூக்கி, வாய்க்குக் கொண்டுபோகப் பழகினான். முதலில் காலி டம்ளர். பிறகு கால் டம்ளர். மடியெல்லாம் தண்ணீர். நானும் தங்கச்சியும் துடைத்துத் துடைத்து, "விடு மேஸ்திரி" என்றோம். விட்டானா?

அதிகாரி வந்தார். கெட்டவர் அல்லர், தாய்மார்களே. சின்னப் பெண். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, அவனுக்கு எதிரில் முழங்காலிட்டு, முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினார். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்? என்னிடம் "இவர் என்ன சாப்பிடுவார்" என்று கேட்காமல் அவனிடமே கேட்டார். அந்த மரியாதைக்கே இவன் உருகிவிட்டான்.

"தண்ணி நீங்களே குடிச்சுக்குவீங்களா அண்ணா?"

"பாக்குறீங்களா?" என்றான் இவன்.

டம்ளரைத் தூக்கினான். தோள் நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி சுருங்கியது. ஒரு வாய் குடித்தான்! ஒரு சொட்டு சிந்தவில்லை! அந்தப் பெண் கைதட்டினார். நானும் கைதட்டினேன். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் போனபின் அன்று மாலையே தோள் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் அவனால் கையைத் தொடை மேலிருந்து நகர்த்த முடியவில்லை.

பிறகு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "உங்க தம்பி நல்லா முன்னேறிட்டாருங்க. தானே தண்ணி குடிக்கிறாரு. சாயங்கால உதவி இனிமே தேவைப்படாது."

இதுதான் குற்றம். ஒரு டம்ளரைத் தூக்கிய குற்றம். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

பின்னால் யாரோ "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்கிறீர்கள். தெரியும் ஐயா. ஒரு வீடு இரண்டு வீடா? இந்தக் கூட்டத்தை நடத்தும் நம் சங்கத்தில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். மறதி நோய். மகளையே மறந்துவிடுகிற மறதி. ஆனால் அதிகாரி வந்து கேள்வி கேட்டதும், அம்மாவுக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டார். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில். போதாததற்கு, "ழகரம் சரியா வரலையே உனக்கு" என்று அதிகாரியைத் திருத்தியும் அனுப்பினார். அவர் தெருமுனை திரும்பியிருக்கமாட்டார், டீச்சரம்மா பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க யாரும்மா? எம் பொண்ணு எப்ப வருவா?" பெற்ற மகளிடம் கேட்டார். அந்த மகள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். எங்கே என்று நான் காட்டமாட்டேன்.

மாலை உதவி போனபின் எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று? மேடையில் சொல்லலாமா என்று தயங்குகிறேன். சொல்லத்தான் வேண்டும். சிறுநீர்ப் பை நிறைந்தால் நான் வரும்வரை காலி செய்ய ஆளில்லை. அதனால் என் தம்பி என்ன செய்தான்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். தானே தண்ணீர் குடிக்கிறான் என்று உதவியை நிறுத்தினார்கள். உதவி நின்றதால் அவன் தண்ணீரையே நிறுத்தினான். இதைவிடக் கொடுமையாக ஒரு கணக்கை யாராவது போட முடியுமா?

இன்னும் ஒன்று. எங்கள் முன்னறையில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அவனே வைத்த ஜன்னல். "அக்கா, நீ வீட்ல தைக்கும்போது வெளிச்சம் வேணும்ல" என்று அளந்து வைத்தான். ஒருநாள் காலையில் வெளிச்சத்துக்காகத் திரைச்சீலையை ஒதுக்கிவைத்தோம். நாற்காலி உருளாமல் இருக்கப் பிரேக் போட்டோம். அதை விடுவிக்க விரல் வேண்டும். மதியம் பக்கத்து வீட்டு அம்மா ஊட்டிவிட்டுப் போனார். அப்போது வெயில் ஜன்னலுக்கு வரவில்லை. பிறகு வந்தது. தரையில் விழுந்தது. மெல்ல நகர்ந்தது. அவன் போட்ட தரை, அவன் பதித்த ஓடுகள். ஒவ்வோர் ஓடாகத் தாண்டி வெயில் தன்னை நோக்கி வருவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பாதத்தில் ஏறியது, அவனுக்குத் தெரியவில்லை. முழங்காலில் ஏறியது, தெரியவில்லை. மார்பில் ஏறி, முகத்தில் ஏறியபோது தெரிந்தது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உடம்பு சரியாக வியர்ப்பதில்லை. வியர்வை இல்லையென்றால் சூடு எங்கே போகும்? கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். தெருவில் லாரி நின்று மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் வந்து தொட்டேன். தொழிற்சாலையில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பழகிய கை இது. அந்தக் கையே பதறிப் பின்வாங்கியது. ஈரத்துணி சுற்றினேன், விசிறினேன், திட்டினேன். அவன் கண்ணைத் திறந்து சொன்னது என்ன? "ஒண்ணுமில்லக்கா. சும்மா வெயில் காஞ்சேன்."

அழவில்லை மேஸ்திரி, அழவில்லை. நீ உட்கார்.

அன்றிலிருந்து மாலை ஆனால் என் தையல் ஊசி கோணுகிறது. வெயில் இப்போது எந்த ஓட்டில் இருக்கும்? திரையை மூடினார்களா? இன்று ஏதாவது குடித்தானா? காலர் தைக்கும் கையோடு இந்தக் கேள்விகளும் ஓடுகின்றன. இங்கே நிற்கும்போதும் ஓடுகின்றன. நான் அடிக்கடி முதல் வரிசையைப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவன் தலைக்குமேல் இருக்கும் மின்விசிறி நான் பேச எழுந்ததிலிருந்து சுற்றவில்லை. மண்டபத்துக்காரர் யாராவது பார்ப்பீர்களா? மதியத்திலிருந்து அவன் ஒரு மடக்கும் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? நாலு பேர் பார்க்க இன்னொருவர் டம்ளரைப் பிடித்து அவன் குடிக்கமாட்டான். விழுந்த நாளிலிருந்து வெளியிடத்தில் அப்படி ஒருமுறையும் குடித்ததில்லை.

மேல்முறையீடு செய்தோம். மன்றாடினோம். மறுபடி பார்க்க ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்களே இன்னொன்றும் சொன்னார்கள்: மாலையில் ஆளில்லாமல் வீட்டில் இருப்பது ஆபத்து, உதவி தேவையில்லை என்றே மறுபடியும் முடிவானால், காப்பகத்துக்கு மாற்றுவதுதான் வழி. கேட்டீர்களா நியாயத்தை? வீட்டில் உதவி கொடுக்கும் அளவுக்கு அவனுக்கு முடியாமை இல்லையாம். வீட்டில் இருக்கும் அளவுக்கு முடிவதும் இல்லையாம்! அந்தக் காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம். நல்ல மனிதர்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழவேண்டும், ஒரே நேரத்தில் படுக்கவேண்டும், வாசல் எப்போதும் பூட்டியிருக்கும். தவறு செய்யாதவனை ஏன் பூட்டவேண்டும்?

நேற்று மாலை அவனிடம் சொன்னேன்: "நாளன்னைக்கு அந்தப் பொண்ணு வரும்போது டம்ளரைத் தொடாதே. தங்கச்சி எப்படிக் குடுப்பாளோ அப்படியே குடி. பழைய சட்டையோட இரு. தாடியும் இருக்கட்டும்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "என்னை அழுக்கா உக்கார வச்சுப் பிச்சை எடுக்கச் சொல்றியாக்கா?"

"பிச்சையில்லடா, உரிமைடா."

"உரிமைன்னா ஏன்க்கா அதுக்கு வேஷம் போடணும்? அன்னைக்கு நல்லா இருக்கிற மாதிரி வேஷம் போட்டேன். இப்ப கேவலமா இருக்கிற மாதிரி வேஷம் போடணுமா? நான் நானா இருந்தா யாரும் உதவ மாட்டாங்களா?"

சான்றோர்களே, உங்களைக் கேட்கிறேன், அவன் கேட்டதில் என்ன தப்பு?

அவன் கேட்டதுதான் இன்று நம் கோரிக்கை. முடியுமா முடியாதா என்று கேட்கிறீர்களே, ஒருமுறை முடிந்தது தினமும் முடியுமா என்று கேட்டீர்களா? முடித்தபின் அவன் தோள் என்ன ஆனது என்று கேட்டீர்களா? நல்ல நாளைப் பார்த்தீர்களே, நலிந்த நாளைப் பார்த்தீர்களா? உதவி வேண்டுமென்றால் மானத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வா என்கிறீர்களே, மானமும் உதவியும் ஒரே மனிதனுக்கு வேண்டியவை என்று எப்போது ஒப்புக்கொள்வீர்கள்? தண்ணீருக்கு உதவி கேட்டால் அவன் தாழ்ந்தவனா? உங்கள் சட்டையை நான் தைக்கிறேன், என் வீட்டை அவன் கட்டினான், நாங்கள் ஏறிவரும் பேருந்தை வேறொருவர் ஓட்டுகிறார். இந்த மண்டபத்தில் அடுத்தவர் கை படாமல் வாழ்கிறவர் ஒருவர் உண்டா? உண்டென்றால் எழுந்து நில்லுங்கள், பார்க்கலாம்!

ஒருவரும் எழவில்லை. தலைவர்கூட எழவில்லை.

அப்படியென்றால் எங்கள் கோரிக்கை எளிது. எங்கள் வீட்டில் நாங்கள் வாழவேண்டும். எப்போது எழுவது, எப்போது படுப்பது என்பதை நாங்கள் சொல்லவேண்டும். உதவுகிறவரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு வாய் வேண்டும். எங்களை அளக்க வருகிறவர்கள், எங்கள் உடம்போடு தினமும் வாழ்கிறவர்களிடமும், எங்களிடமும், நிதானமாகக் கேட்டு அளக்கவேண்டும். சவரம் செய்த முகத்தோடும் எங்களுக்கு உதவி கிடைக்கவேண்டும்!

கைதட்டல் போதும். தயவுசெய்து போதும். மேஸ்திரி முகம் சிவந்திருக்கிறது. எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. தம்பி, உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன். குடிப்பதும் குடிக்காததும் உன் விருப்பம் என்று இப்போதுதான் ஊரைக் கூட்டி முழங்கினேன். முழங்கிய வாயாலேயே உன்னை மிரட்ட முடியாது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. தலைவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன், அவனைக் காற்றுக்குக் கொண்டுபோகவேண்டும்...

என்ன? தங்கச்சி, என்ன கேட்கிறான்? சத்தம் போடாதீர்கள் ஐயா, அவனால் உரக்கப் பேச முடியாது, நெஞ்சில் அவ்வளவு காற்று இல்லை. தங்கச்சி, நீ கேட்டுச் சொல்.

தண்ணீரா?

தண்ணீர் கேட்கிறானா!

தண்ணீரும் டம்ளரும் நாற்காலியின் பக்கவாட்டுப் பையில் இருக்கின்றன. மெல்ல. அவன் தலையை நிமிர்த்திப் பிடி. அம்மா, நீங்கள் திரும்பிக்கொள்ள வேண்டாம். மரியாதைக்காக முகத்தைத் திருப்புகிறீர்கள், புரிகிறது. வேண்டாம். நீங்கள் பார்க்கட்டும் என்றுதான் குடிக்கிறான். பாருங்கள். ஒரு மனிதன் தண்ணீர் குடிக்கிறான். வேறொன்றும் இல்லை.

முழு டம்ளரும் முடித்துவிட்டான்.

இன்னும் ஏதோ சொல்கிறானே. என்ன தங்கச்சி? சரி, அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்: "நாளைக்கு அந்தப் பொண்ணு வரும்போதும் தங்கச்சி கையாலதான் குடிப்பேன்னு அக்காகிட்ட சொல்லு. ஆனா சவரம் பண்ணிட்டுத்தான் உக்காருவேன். புதுச் சட்டைதான் போடுவேன்."

போட்டுக்கொள்ளடா என் ராசா. இன்றைக்கே இஸ்திரி போட்டு வைக்கிறேன்.

நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் எதைப் பார்ப்பார், எதைச் சொல்வார், தெரியாது. பயம் போகவில்லை. ஆனால் நாளை எங்கள் வீட்டில் யாரும் வேஷம் போடப்போவதில்லை.

மணியைக் கடைசிவரை அடிக்காத தலைவருக்கு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்திருந்த தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் நன்றி. மின்விசிறியைச் சுற்றவைக்க நாற்காலி மேல் ஏறி நிற்கும் அந்த அண்ணனுக்குத் தனி நன்றி. பார்த்து இறங்குங்கள் அண்ணா. நீங்கள் வீடு திரும்பியதும், உங்களுக்காகக் கட்டிலில் காத்திருப்பவர்களிடம் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு நாங்கள் பேசியதைச் சொல்லுங்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.